சேகரத்துக்குச் சொன்ன கலியாணம்

பிரான்சில் எங்கள் ஆட்கள் கடை போட்டிருக்கும் லாச்சப்பலில் சேலைச் சட்டை தைக்கிறவர்கள் ஆறு பேர் இருக்கிறோம். மற்ற ஐந்து பேரும் தைத்துக் கெடுத்ததை நான் திருத்திக் கொடுத்திருக்கிறேன். பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன். பாத்திரக்கடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை, ஒரு மெசின், ஆளுயரத்துக்கு ஒரு கண்ணாடி, இருபத்திரண்டு வருடம். நாகேஸ்வரி அக்கா என்று கேட்டால் யாரும் வழி காட்டுவார்கள்.

அந்தப் பெருமைதான் என்னை மாட்டிவிட்டது.

2015 ஆவணியில் என் மகள் சுபாங்கிக்குக் கலியாணம். மாப்பிள்ளை ஜெரெமி. சென் தெனியில் அவள் வேலை செய்யும் மருந்துக்கடையில்தான் அவனுக்கும் வேலை. யூதப் பிள்ளை. விசயம் தெரிந்த முதல் மூன்று கிழமை நான் அவளோடு கதைக்கவில்லை. நாலாம் கிழமை அவன் வீட்டுக்கு வந்தான். பொரித்த றாலில் ஒன்று மிச்சம் வைக்காமல் சாப்பிட்டான், பிறகு எழும்பிப்போய்த் தட்டையும் கழுவி வைத்தான். சேகரம் இருந்த காலத்தில் ஒரு தேத்தண்ணிக் கோப்பையைக்கூடக் கழுவியதில்லை. அதற்குமேல் நான் என்ன குறை சொல்ல?

சேகரம் என்றால் என் மனுசன் குலசேகரம். 2011இல் ஒரு மத்தியானம், வேலை செய்த ரெஸ்ரோறன்ற் குசினியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டார். வயது ஐம்பத்திநாலு. அகலத் தோள் மனுசன். கடையில் விற்கிற சட்டை ஒன்றும் அந்தத் தோளுக்கு அடங்காது, எல்லாவற்றையும் நான்தான் தைக்கவேண்டும். அவருடைய அளவு எழுதிய கடதாசி இன்னும் என் மெசின் லாச்சிக்குள் கிடக்கிறது.

கலியாணத்துக்கு மூன்று கிழமை இருக்கும்போது ஜெரெமி தன் கோட்டை எங்கள் வீட்டுக் கதிரையில் மறந்துவிட்டுப் போனான். நல்ல கருநீலக் கம்பளிக் கோட். அவனுடைய தகப்பன் மார்செல் தைத்தது. மார்செல், தையல்கடைகள் நிறைந்த சாந்தியே என்ற பகுதியில் முப்பத்தெட்டு வருடம் தையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் கோட்டோடுதான் மெரியில், அதுதான் நகரசபையில், கலியாணப் பதிவுக்கு நிற்கப்போவதாகப் பெடியன் சொல்லியிருந்தான். எடுத்துத் தொங்கவிடப் போனேன். இடப்பக்கக் கழுத்து மடிப்பில், நெஞ்சுக்கு நேரே, விரல் நீளத்துக்கு ஒரு கிழிசல். அதை யாரோ வெள்ளை நூலால் நீட்டு நீட்டாகப் பொருத்தி வைத்திருந்தார்கள். ஊசி பிடிக்கத் தெரியாத குழந்தைப்பிள்ளை செய்த வேலை மாதிரி இருந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. தகப்பன் தையல்காரன், மாமி தையல்காரி, மாப்பிள்ளை கிழிந்த கோட்டோடு மெரியில் நிற்பதா? கோட்டைக் கடைக்குக் கொண்டுபோனேன். உள்மடிப்பிலிருந்து அதே கம்பளியின் இழைகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்து, கிழிசலின் குறுக்கும் நெடுக்குமாக வைத்து நெய்தேன். இரண்டு மத்தியானம் போனது. மூன்று பெண்கள் சட்டைக்கு வந்து திரும்பிப் போனார்கள். முடிந்தபோது எந்த இடத்தில் கிழிந்திருந்தது என்று எனக்கே விரலால் தடவித்தான் தெரிந்தது.

சனிக்கிழமை ஜெரெமி வந்தான். கோட்டை நீட்டினேன். புகழப்போகிறான் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் கழுத்து மடிப்பைப் பார்த்தான். விரலால் தடவினான், திருப்பிப் பின்பக்கம் பார்த்தான், மறுபடியும் தடவினான். "மெர்சி" என்று சிரித்தான். அன்றைக்குத் தட்டில் நாலு றால் மிச்சம் இருந்தது.

திங்கட்கிழமை காலையில் மார்செல் என் கடைக்கு வந்தார், கையில் கோட். நாங்கள் பிரெஞ்சில் கதைத்ததை நான் தமிழில் சுத்தமாக எழுதுகிறேன். என் பிரெஞ்சு இவ்வளவு சுத்தம் இல்லை.

மார்செல் மெலிந்த மனிதர். எழுபது வயது, தலையில் எப்போதும் ஒரு சாம்பல் தொப்பி. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கோட்டை யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். தடவினார், மணந்து பார்த்தார்.

"மதாம், சாந்தியே முழுவதும் தேடினாலும் இப்படி ஒரு கை கிடைக்காது. இது வேலை. இதைத்தான் வேலை என்று சொல்வது" என்றார்.

நான் குளிர்ந்துபோனேன். தேத்தண்ணி போடுவோமா என்று யோசித்தேன்.

"இனி இதைப் பிரித்துவிடுங்கள்" என்றார்.

 அவர் கதிரையில் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சொன்னார். அவருடைய மனைவி ரெஜீன் இறந்து இரண்டு வருடம். அடக்கம் செய்த அன்று, கல்லறைக்குப் பக்கத்தில் நின்று ஜெரெமி அந்தக் கோட்டைக் கிழித்தான். யூதர்களில் தாயோ தகப்பனோ போனால் பிள்ளை தன் உடுப்பை இடப்பக்கத்தில், நெஞ்சுக்கு மேலே கிழிக்கவேண்டும். மனைவி போனால் வலப்பக்கம்.

"நானும் கிழித்தேன். மனைவிக்குக் கிழித்ததை ஒரு மாதம் போனால் ஒழுங்காகத் தைக்கலாம், அனுமதி உண்டு. நானே தைத்தேன், நன்றாகத்தான் தைத்தேன். தாய் தகப்பனுக்குக் கிழித்ததை அப்படித் தைக்கக்கூடாது. பெரிய தையல் போட்டுப் பொருத்தி வைக்கலாம். கிழிந்தது தெரியாதபடி ஒருநாளும் தைக்கக்கூடாது. எவ்வளவு காலம் போனாலும் கூடாது."

"ஏன்?"

"தாய் இரண்டாவது முறை கிடைக்கமாட்டாள் என்பதால். மதாம், எனக்குக் கடவுளில் நம்பிக்கை இல்லை. தையலில் நம்பிக்கை இருக்கிறது. இதை யோசித்தவன் தையல் தெரிந்தவன்."

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. வெட்கத்தில் வந்த கண்ணீர். அந்தப் பிள்ளை கோட்டைப் போடும் ஒவ்வொரு முறையும் அவன் விரல் போய்த் தாயைத் தொடுகிற இடம் அது. அதை நான் தேடிப்போய், கெட்டித்தனம் காட்டி, அடைத்துவிட்டேன். அவன் என்னிடம் ஒரு சொல் கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் இன்னும் சுட்டது.

ஊசியை எடுத்தேன். நெய்ததைவிடப் பிரிப்பதுதான் கடினம், இழை அறுந்தால் கோட்டே போய்விடும். மார்செல் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டே பழைய கதை சொன்னார். வேறு எதற்கும் தங்கள் கோயில் பக்கம் போகாத ஜெரெமி, தாய்க்காகப் பதினொரு மாதம் போய்ச் செபம் சொன்னானாம். ஏன் பன்னிரண்டு மாதம் இல்லை என்று கேட்டேன். பெரும் பாவிகளுக்குத்தான் முழுதாகப் பன்னிரண்டு மாதம் தேவையாம். மகன் பன்னிரண்டு மாதமும் சொன்னால் தாய் அவ்வளவு மோசமா என்று ஊர் கேட்குமாம், அதனால் ஒன்று குறைத்துத்தான் சொல்வார்களாம்.

"என் மனுசனுக்குப் பதின்மூன்று தேவைப்பட்டிருக்கும்" என்றேன். அவர் தொப்பி விழச் சிரித்தார்.

பிரித்து முடிந்ததும் அவர் காட்டியபடி வெள்ளை நூலால் நீட்டுத் தையல் போட்டேன். பன்னிரண்டு வயதில் ஊசி பிடித்த நாளிலிருந்து நான் இவ்வளவு மோசமாகத் தைத்ததில்லை. மார்செல் பார்த்தார். "மிகவும் அழகாக இருக்கிறது, இன்னும் கொஞ்சம் கோணலாக" என்றார். கோணலாக்கினேன்.

"நான் மன்னிப்புக் கேட்கவேண்டும்" என்றேன்.

"ஜெரெமியிடமா? அவன் மறந்துவிடுவான்."

"அவனிடம் இல்லை. தாயிடம்."

மார்செல் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். "அப்படியென்றால் வாருங்கள். கலியாணத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பந்தன் கல்லறைக்குப் போகிறோம், ரெஜீனை அழைக்க."

தாயோ தகப்பனோ இல்லாத பிள்ளைக்குக் கலியாணம் என்றால், அதற்கு முன் கல்லறைக்குப் போய் அவர்களை அழைக்கவேண்டுமாம். போலந்திலிருந்து வந்த அவருடைய அப்பம்மா காலத்துப் பழக்கம். அழைத்தால் வருவார்களாம், வந்து பிள்ளைக்குப் பக்கத்தில் நிற்பார்களாம். கலப்புக் கலியாணம் என்பதால் ராபி, அவர்களுடைய குரு, சடங்கு செய்ய மாட்டேன் என்று சொல்லிவிட்டார். "ரெஜீன் மாட்டேன் என்று சொல்லவில்லையே" என்றார் மார்செல்.

இந்த இடத்தில் தில்லைநாயகி மச்சாளைப் பற்றிச் சொல்லவேண்டும். சேகரத்தின் தமக்கை. கூசேன்வில்லில் இருக்கிறா. தாய் செத்தபோது சேகரத்துக்கு நாலு வயது, மச்சாளுக்குப் பதினைந்து. இடுப்பில் வைத்துத் தூக்கி வளர்த்தது அவதான், பிரான்சுக்குக் கூப்பிட்டதும் அவதான். சேகரம் போன நாளிலிருந்து அவரின் பெயர் அவவின் வாயிலிருந்து வந்ததில்லை. என் வீட்டுக்கு வந்தால் சேகரத்தின் கதிரையில் இருக்கமாட்டா, நின்றுகொண்டே கதைப்பா. மற்றபடி சடங்கு என்று வந்தால் ஐயரே அவவைக் கேட்டுத்தான் தேங்காய் உடைப்பார். அவவுக்கு ஒரு மனுசன் இருக்கிறார், நல்ல மனிதர், அவவுக்கு அருகில் அவருடைய குரலை நான் கேட்டதில்லை.

கலியாணத்துக்கு முந்தின கிழமை வெள்ளிக்கிழமை, மார்செல் வீட்டில் பொன்னுருக்கு. தாலிக்குப் பொன்னை உருக்குகிற சடங்கு. அது முடிந்தால் கலியாணம் வரைக்கும் பொம்பிளையும் மாப்பிள்ளையும் செத்தவீடு, சுடலை ஒன்றுக்கும் போகக்கூடாது என்பது எங்கள் வழக்கம். மார்செலின் குசினி மேசையில் பத்தர் ஊதி ஊதிப் பொன்னை உருக்க, மார்செல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து ஜெரெமி, ஞாயிற்றுக்கிழமை கல்லறைக்கு நீயும் வருகிறாயா என்று சுபாங்கியிடம் சாதாரணமாகக் கேட்டான். மச்சாளுக்குப் பிரெஞ்சு பேச வராது, விளங்கும்.

"என்னது? பொன்னுருக்கினாப் பிறகு மாப்பிள்ளை சுடலைக்குப் போறாரோ? என்ன விசர்க்கதை இது!"

சுபாங்கி மொழிபெயர்த்தாள். மார்செல் தொப்பியைக் கழற்றினார். சனிக்கிழமை தாங்கள் கல்லறைக்குப் போவதில்லை, திங்கள் தொடங்கினால் பெடியனுக்கு வேலை, மிஞ்சியிருப்பது ஞாயிறு ஒன்றுதான், தன் குடும்பத்தில் தாயை அழைக்காமல் யாரும் கலியாணம் கட்டியதில்லை என்றார். மரியாதையாகத்தான் சொன்னார், ஆனால் நகரவில்லை.

மச்சாள் என் பக்கம் திரும்பினா. "அப்ப பொம்பிளை போகேலாது. நாகேசு, சொல்லிப்போட்டன். என்ரை மருமோளை நான் சுடலைக்கு விடமாட்டன்."

"அவள் போகமாட்டாள் மச்சாள். நான் போறன்."

"நீயோ? நீ என்னத்துக்கு?"

எனக்கு உள்ளே ஒன்று கிளம்பிவிட்டது. அதற்குக் காரணம் உண்டு. போன மாதம் மச்சாள் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தி முடித்திருந்தா. பொம்பிளையைத் தாரை வார்த்துக் கொடுப்பது மச்சாளும் மனுசனும். நான் மணவறைக்குக் கீழே, பூத்தட்டுகளுக்குப் பக்கத்தில் நிற்கவேண்டும். புருசன் இல்லாதவள் மேலே ஏறக்கூடாது. மாப்பிள்ளை பக்கத்தில் மார்செலும் பெண்சாதி இல்லாதவர்தானே என்று கேட்டதற்கு, "அவர் ஆம்பிளை, நிக்கலாம்" என்று ஒரு வரியில் முடித்தா. நான் தலையாட்டிவிட்டு வந்தேன். எத்தனையோ கலியாணத்தில் எத்தனையோ பெண்கள் அப்படிக் கீழே நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குச் சட்டை தைத்தும் கொடுத்திருக்கிறேன். ஒருநாளும் வாய் திறக்காத நான் எனக்கு வரும்போது எந்த முகத்தோடு திறப்பது என்று பேசாமல் இருந்தேன்.

"மச்சாள், நல்ல காரியத்துக்கு நான் ஆகாத ஆள் எண்டுதானே கீழை விட்டிருக்கிறியள்? அப்ப சுடலைக்குப் போறதுக்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் ஆர் இருக்கினம்?"

 பத்தர் ஊதுவதை நிறுத்திவிட்டார். மார்செல் என்ன சொன்னேன் என்று கேட்க, சுபாங்கி சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை லாச்சப்பலில் பூக்கடை திறந்தவுடன் நாலு முழம் மல்லிகை வாங்கிப் பையில் வைத்தேன். ஸ்ராலின்கிராட்டில் மாறி ஏழாம் இலக்க மெத்ரோ ரயிலில் போய், மார்செலும் ஜெரெமியும் நானும் இறங்கினோம். ஜெரெமி அந்தக் கோட்டைப் போட்டிருந்தான். என் கோணல் தையலில் அவன் விரல் வைத்திருந்ததைக் கண்டேன். என்னைப் பார்த்துச் சிரித்தான், இந்த முறை முழுச் சிரிப்பு.

பந்தன் கல்லறை பெரிய ஊர் போல இருந்தது, தெருவும் மரமும் பெயர்ப்பலகையும். ரெஜீனின் கல்லில் பூ ஒன்றும் இல்லை. சின்னச் சின்னக் கூழாங்கற்கள் வரிசையாக இருந்தன. நான் பையைத் திறந்து மல்லிகையை எடுத்தேன். மார்செல் மெதுவாக என் கையைப் பிடித்தார்.

"பூ வாடிவிடும் மதாம். கல் இருக்கும். யார் வந்தார்கள் என்று அவளுக்குத் தெரியவேண்டும் அல்லவா?" கீழே குனிந்து ஒரு கல்லை எடுத்து என் கையில் தந்தார்.

முதலில் ஜெரெமி பேசினான். தமிழும் பிரெஞ்சும் அச்சடித்த கலியாணக் கார்டைக் கல்லில் வைத்து, காற்றுக்குப் பறக்காமல் மேலே ஒரு கூழாங்கல் வைத்தான். "மம்மா, வருகிற ஞாயிறு. நீ வரவேண்டும்" என்றான். அதற்குமேல் அவனால் முடியவில்லை. பிறகு மார்செல்.

"ரெஜீன், லா கூர்னெவ்வில் மண்டபம். பத்தரை மணி. உனக்கு உடுத்துவதற்கு நேரம் எடுக்கும், அதனால் ஒன்பதுக்கே வெளிக்கிடு. சப்பாத்துக் கழற்றவேண்டும், நல்ல காலுறை போட்டு வா. மேடையில் நான் நிற்பேன். என் இடப்பக்கம் உனக்கு. வேறு யாரையும் விடமாட்டேன்."

பக்கத்து வீட்டுக்குப் போகிற வழியில் சொல்வது போலச் சொன்னார். அழவில்லை, குரல் இறங்கவில்லை.  பிறகு என்னைப் பார்த்தார், என் முறை.

நான் தயார்பண்ணி வந்த பிரெஞ்சு எல்லாம் பறந்துவிட்டது. "மதாம், நான் நாகேஸ்வரி, உங்கள் சம்பந்தி" என்று தொடங்கினேன். "கோட்டைத் தைத்தது நான். தெரியாமல் செய்துவிட்டேன். பிரித்துவிட்டேன். இனி அதை யாரும் தொடமாட்டார்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்." அதோடு நிறுத்தியிருக்கலாம். மனம் திறந்து பேச வந்த இடத்தில் ஒன்றையும் ஒளிக்கக்கூடாது என்று நினைத்து, "உங்கள் மகன் என் வீட்டில் றால் சாப்பிடுகிறான்" என்றும் சொல்லிவிட்டேன்.

மார்செல் கண்ணை மூடினார். "மதாம், றால் எங்களில் விலக்கு, முப்பது வருடம் அவள் வீட்டுக்குள் றாலை விட்டதில்லை. அதை மட்டும் சொல்லியிருக்கவேண்டாம்" என்றார். பிறகு நாங்கள் மூன்று பேரும் அந்தக் கல்லுக்கு முன்னால் நின்று சிரித்தோம். நான் என் கல்லை மற்றக் கற்களோடு வைத்தேன். வாசலில் ஒரு குழாய் இருந்தது. அவர்கள் கை கழுவினார்கள். நாங்கள் என்றால் தலைமுழுகவேண்டும். நானும் கை மட்டும் கழுவினேன்.

மெத்ரோவில் மார்செல் கேட்டார். "உங்கள் கணவரை அழைக்க எப்போது போகிறீர்கள்?"

"எங்கே போவது? எரித்துச் சாம்பலை டியெப் கடலில் கரைத்தோம். அவர் ஒரு இடத்திலும் இல்லை."

"அவரோடு எங்கே பேசுவீர்கள்?"

"பேசுவதில்லை. ஏசுவேன். காலையில் படத்துக்கு விளக்கு வைக்கும்போது. தண்ணீர்ப் பைப் ஒழுகினால், சுபாங்கி சொல்வழி கேட்காவிட்டால், எல்லாவற்றுக்கும் ஏசுவேன்."

"நாலு வருடமாக?"

"ஒருநாள் விடாமல்."

"அப்படியென்றால் உங்கள் பாடு சுலபம். எனக்கு மெத்ரோ ஏறவேண்டியிருக்கிறது" என்றார் மார்செல்.

ரயில் ஸ்ராலின்கிராட் வரும்வரைக்கும் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். கார்ட் அச்சடித்து இருநூறு வீட்டுக்குச் சொல்லியிருந்தேன். எங்களில் கலியாணம் சொல்வது என்றால் நேரே போய்ச் சொல்லவேண்டும். தபாலில் அனுப்பினால், போனில் சொன்னால், வரமாட்டார்கள், வந்தாலும் சாப்பிடமாட்டார்கள். கூசேன்வில் தொடங்கி எல்லா இடமும் படியேறிச் சொன்ன எனக்கு, பிள்ளையின் தகப்பனுக்குச் சொல்லவேண்டும் என்று தோன்றவில்லை. அவருடைய பெயருக்கு முன்னால் 'அமரர்' என்று அச்சடித்ததோடு அவருக்குச் செய்யவேண்டியது முடிந்தது என்று இருந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து வெள்ளித் தட்டத்தை எடுத்தேன். வெற்றிலை, பாக்கு, குங்குமம், கார்ட். படத்துக்கு முன்னால் போய் நின்றேன். சரிவரவில்லை. வீட்டுக்குள் இருந்துகொண்டே வீட்டுக்காரரை எப்படி அழைப்பது? வெளியே போனேன், கதவைச் சாத்தினேன், மணியை அடித்தேன்.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. இம்மாகுலேற், மன்னார்ப் பக்கம், வேதக்காரி, கையில் குப்பைப் பை.

"என்ன அக்கா, திறப்பை விட்டுட்டு வந்திட்டீங்களோ?"

"இல்லை. சேகரத்துக்குக் கலியாணம் சொல்ல வந்தனான்."

அவள் என் தட்டத்தைப் பார்த்தாள், சாத்தியிருந்த கதவைப் பார்த்தாள். குப்பைப் பையைக் கீழே வைத்தாள். எனக்கு விசர் என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"அப்ப உடனை உள்ளுக்குப் போயிடாதேங்கோ. கொஞ்சம் நில்லுங்கோ. அவர் எழும்பி வரவேணுமெல்லோ" என்றாள்.

நின்றோம். பிறகு கதவைத் திறந்து உள்ளே போனேன். அவள் வாசலிலேயே நின்றாள். தட்டத்தைப் படத்துக்கு நேரே நீட்டினேன்.

"இஞ்சாருங்கோ. வாற ஞாயிற்றுக்கிழமை சுபாங்கிக்குக் கலியாணம். லா கூர்னெவ் மண்டபம், பத்தரைக்கு முகூர்த்தம். நீங்கள் கட்டாயம் வரவேணும். முதல் ஆளா வந்து நிக்கவேணும். எனக்குத் தனிய ஏலாது."

கடைசி வசனத்தை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. நாலு வருடம் ஏசினேனே தவிர, இதைச் சொன்னதில்லை. அவர் இல்லாமல் எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் அவரிடம் சொன்னேன். நன்றாக அழுதேன். பிறகு பையில் கிடந்த மல்லிகையைப் படத்துக்குப் போட்டேன். முகம் கழுவிக்கொண்டு, எனக்கென்று மச்சாள் எடுத்துத் தந்திருந்த வெளிறின சேலையை மடித்து அலுமாரிக்குள் வைத்தேன். என் பச்சைப் பட்டுக்குச் சட்டை வெட்டத் தொடங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் முந்நூறு பேர். மேடையில் ஐயர், மணவறையில் பிள்ளைகள். ஜெரெமி பட்டுவேட்டியும் தலைப்பாகையும் கட்டியிருந்தான். மெரிக்குப் போட்ட கோட்டைத் தகப்பன் தன் கையில் மடித்து வைத்திருந்தார், வெள்ளைத் தையல் மேலே தெரியும்படி. மார்செலின் இடப்பக்கம் ஓர் ஆள் நிற்கிற அளவு இடம் வெறுமையாக இருந்தது. படம் எடுக்கிற பெடியன் இரண்டு தரம் அவரை நடுவுக்கு நகரச் சொன்னான், அவர் நகரவில்லை. மறுபக்கத்தில் மச்சாளும் மனுசனும் நின்றார்கள், மச்சாளின் கையில் செம்பு.

"பொம்பிளையின்ரை தாய் தகப்பன் ஸ்தானத்திலை இருக்கிறவை முன்னுக்கு வாங்கோ" என்றார் ஐயர்.

நான் பூத்தட்டைக் கீழே வைத்துவிட்டு மேலே ஏறினேன். மூன்று படிதான். மண்டபத்தில் சத்தம் குறைவது எனக்குக் கேட்டது. மச்சாள் எட்டி என் முழங்கையைப் பிடித்தா.

"நாகேசு, எங்கை வாறாய்? கீழை போ. சனம் பாக்குது."

"பாக்கட்டும் மச்சாள். உங்கடை தம்பிக்கு நான் கலியாணம் சொன்னனான். தட்டம் வைச்சு, கதவடியிலை நிண்டு, முறையாச் சொன்னனான். வந்திருக்கிறார். அவர் மேலை நிக்க நான் கீழை நிக்கிறதோ?"

ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டார். சுபாங்கி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். மச்சாளின் பிடி என் கையில் இறுகியது. நான் அசையவில்லை. இழுத்து இறக்கினால் இறக்கட்டும் என்று நின்றேன். மச்சாள் என் முகத்தைப் பார்த்தா. பிறகு மார்செலின் பக்கத்தில் வெறுமையாக இருந்த இடத்தைப் பார்த்தா. பிறகு என் வலப்பக்கத்தைப் பார்த்தா. 

"சேகரம் எங்கை நிக்கிறான்?" என்று கேட்டா.

நாலு வருடத்துக்குப் பிறகு அந்தப் பெயர். நான் கையால் காட்டினேன், எனக்கும் அவவின் மனுசனுக்கும் நடுவில்.

மச்சாள் என் முழங்கையை விட்டா. செம்பை என் கையில் தந்தா. முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு மனுசனிடம் திரும்பினா.

"தள்ளி நில்லுங்கோ."

அவர் ஓரடி தள்ளி நின்றார்.

"இன்னும் தள்ளுங்கோ, அது காணாது. அவன்ரை தோள் அகலம்" என்றா.